கயிறு வேண்டாம் என்கிறது சட்டம்; கை எங்கே?

"கீழ்ப்பாக்கம்" என்று சொன்னாலே நம் ஊரில் சிரிப்பு வருகிறது. மேடையிலே மாற்றாரை மடக்க வேண்டுமா? "அவரைக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பி வையுங்கள்" என்று ஒரு வார்த்தை வீசினால் போதும், கூட்டம் கைதட்டுகிறது. பட்டறையிலே ஒருவன் இரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்தால், "என்னப்பா, கீழ்ப்பாக்கம் கேஸா?" என்று கேலி. சினிமாவிலே சிரிப்புக்குப் பஞ்சம் வந்தால், கிழிந்த சட்டையோடு ஒருவனை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்துகிறார்கள். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போகிறோம்.

அந்த மதிலுக்கு உள்ளே நோயாளி மட்டுமா இருக்கிறான்? நம்மைப் போல ஒரு தொழிலாளியும் இருக்கிறான். மாலையிலே சோற்றுத் தூக்கோடு உள்ளே நுழைந்து, பொழுது விடிகிற வரையில் கண்ணை மூடாமல், பிறர் வீட்டுப் பிள்ளைகளைக் காவல் காத்து, குளிப்பாட்டி, ஊட்டி, அடியும் வாங்கிக்கொண்டு, காலையிலே பேருந்து பிடித்து வீடு திரும்புகிற தொழிலாளி. ஆணாக இருந்தால் அவர் பெயர் வார்டு பாய். பெண்ணாக இருந்தால் ஆயா. நரை கண்ட பிறகும் அவர் "பாய்" தான். அரசாங்கக் காகிதத்திலே "கடைநிலை ஊழியர்". ஒப்பந்தக்காரர் காகிதத்திலே வெறும் ஒரு எண்.

மில் தொழிலாளியின் பாட்டை எழுதியிருக்கிறோம். துறைமுகத் தொழிலாளியின் பாட்டை எழுதியிருக்கிறோம். தெருக்கூட்டுகிற தோழரின் பாட்டையும் எழுதியிருக்கிறோம். மனநல வார்டிலே வேலை செய்கிறவரைப் பற்றி எத்தனை பேர் எழுதினோம்? அவர் வேலை இன்னதென்றாவது நமக்குத் தெரியுமா?

அவர் செய்வது கூலி வேலையா?

"கதவைப் பூட்டுவான், முரண்டு பிடித்தால் நாலு பேராகச் சேர்ந்து அமுக்குவான், அவ்வளவுதானே?" என்று எண்ணுகிறவர்கள் நாட்டிலே ஏராளம். கேளுங்கள், தோழர்களே.

வேலைக்கு வந்தவுடன் முதல் வேலை எண்ணுவது. வார்டிலே எத்தனை பேர், எத்தனை தலை. பிறகு முந்தைய ஷிப்டுக்காரரிடம் விசாரிப்பது. யார் சாப்பிடவில்லை? யார் தூங்கவில்லை? யாரைப் பார்க்க வருவதாகச் சொன்னவர்கள் வரவில்லை? வருவதாகச் சொன்ன அண்ணன் வராமல் போனால், அன்றிரவு அந்தத் தம்பியின் கட்டிலருகே இரண்டு முறை கூடுதலாகப் போக வேண்டும் என்பது அனுபவப்பட்டவருக்குத் தெரியும். எந்தப் பாடப் புத்தகத்தையும் புரட்டாமலே தெரியும்.

மாத்திரை கொடுத்தால் போதாது. விழுங்கினானா என்று பார்க்க வேண்டும். கன்னத்திலே ஒதுக்கி வைத்துக்கொண்டு, பத்து நாள் மாத்திரையைச் சேர்த்து, ஒரே நாளில் விழுங்குகிறவனும் உண்டு. சவரம் செய்தால் பிளேடை எண்ணி வாங்க வேண்டும். துண்டு, இடுப்புக் கயிறு, ஜன்னல் கம்பி, குளியலறைக் கதவு ஆகிய ஒவ்வொன்றையும் தற்கொலை எண்ணம் கொண்டவன் எந்தக் கண்ணோடு பார்ப்பானோ அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். "இவரை விட்டுக் கண்ணை எடுக்காதே" என்று மருத்துவர் சொல்லிவிட்டால், குளிக்கப் போனாலும் கதவு ஒருக்களித்தே இருக்க வேண்டும். அவன் மானமும் போகக் கூடாது, உயிரும் போகக் கூடாது. இரண்டையும் சேர்த்துக் காப்பாற்றுவது இலேசான காரியமா?

மருந்துக்கும் பக்க விளைவு உண்டு. சில மருந்து சாப்பிட்டவனுக்குத் திடீரென்று கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். கண் மேலே செருகும். வீட்டிலே இது நடந்தால் "பேய் பிடித்துவிட்டது" என்று வேப்பிலையைத் தேடுவார்கள். வார்டுத் தொழிலாளி பேயைத் தேடமாட்டார். நர்சைத் தேடி ஓடுவார். ஒரு ஊசியிலே சரியாகிவிடும். உடம்பு விறைத்து, அதோடு கடுங்காய்ச்சலும் கண்டால் அது உயிருக்கே ஆபத்து. லித்தியம் சாப்பிடுகிறவனுக்கு வயிற்றுப்போக்கு வந்து, கை நடுக்கமும் கூடினால் உடனே மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். மருத்துவர் வார்டைச் சுற்றி வருவது ஒரு வேளையோ இரண்டு வேளையோ. மீதி நேரமெல்லாம் நோயாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர் யார்? ஆயாவும் வார்டு பாயும்தான். முதலில் கண்டு சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். அவர்கள் கண்டு சொல்லாவிட்டால் மருத்துவரின் பட்டமும் பதக்கமும் பயன்படாது.

மின் அதிர்வுச் சிகிச்சையைச் சினிமாவிலே சித்திரவதையாகக் காட்டுகிறார்கள். இன்று அதை மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் கொடுக்காமல் செய்வது சட்டப்படி குற்றம். மயக்க மருந்து கொடுப்பதென்றால் வயிறு வெறுமையாக இருக்க வேண்டும். அதிகாலையிலே பசிக்கிறது என்று கெஞ்சுகிறவனுக்குப் பக்குவமாகச் சொல்லி நிறுத்துவது யார்? சிகிச்சை முடிந்து கண் விழிக்கையிலே, தான் எங்கிருக்கிறோம் என்று தெரியாமல் திகைக்கிறவன் கையைப் பிடித்து, "ஒண்ணுமில்லைண்ணே, ஆஸ்பத்திரியிலேதான் இருக்கீங்க, நான் பக்கத்திலேயே இருக்கேன்" என்று சொல்வது யார்?

குடியை விட்டவனின் கதை நம் குடும்பங்களுக்குத் தெரிந்த கதை. நாள்தோறும் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால், இரண்டாம் நாள் மூன்றாம் நாளிலே கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், சுவரிலே பூச்சி ஊர்வதாகத் தெரியும். இல்லாத ஆள் இருப்பதாகக் கத்துவான், ஓடுவான். அது திமிரன்று, நோய்; கவனிக்காவிட்டால் சாவு. அந்த இரவிலே விளக்கை அணைக்காமல், தண்ணீர் கொடுத்து, "பூச்சி இல்லைப்பா, இதோ நான் தட்டிக் காட்டுகிறேன்" என்று விடிகிற வரையில் உட்கார்ந்திருப்பதும் அந்தத் தொழிலாளிதான்.

முரண்டு பிடிக்கும்போது? அங்கேதான் தொழில் நுட்பம் இருக்கிறது. எல்லாரும் சேர்ந்து கத்தக் கூடாது. ஒருவர்தான் பேச வேண்டும். குரல் தாழ்ந்திருக்க வேண்டும். கைகள் வெளியே தெரிய வேண்டும். நேருக்கு நேர் மார்பைக் காட்டி நிற்காமல் சற்றே ஒதுங்கி, கை நீட்டினால் எட்டாத தூரத்தில் நிற்க வேண்டும். கதவை மறிக்கக் கூடாது. வழி அடைபட்டது என்று எண்ணுகிறவன்தான் பாய்வான். வேடிக்கை பார்க்கும் கூட்டத்தை விலக்க வேண்டும். "என்ன வேண்டும் உங்களுக்கு?" என்று கேட்க வேண்டும். பல நேரம் அவன் கேட்பது ஒரு பீடி, ஒரு போன், அம்மாவின் குரல். பிடித்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தாலும் குப்புறப் போட்டு முதுகிலே ஏறக் கூடாது. அப்படி மூச்சு முட்டிச் செத்தவர்கள் பல நாட்டிலே உண்டு.

இது கூலி வேலையா, தோழர்களே? இது கைத்தொழில். இதைக் கற்றுக்கொடுக்க வேண்டும். கற்றவரைக் காப்பாற்ற வேண்டும்.

சங்கிலியை அவிழ்த்தவன் யார்?

வரலாற்றைப் புரட்டுவோம். பிரெஞ்சுப் புரட்சி நடந்த காலம். பாரிசு நகரத்துப் பிசேத்ர் மருத்துவமனையிலே மனநோயாளிகளைச் சுவரோடு சங்கிலியிட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். "சங்கிலியை அவிழ்த்துவிட்ட மகான் பினேல்" என்று உலகம் போற்றுகிறது. பிலிப் பினேல் பெரிய மருத்துவர், நல்லவர், ஐயமில்லை. 1876-இல் ஓர் ஓவியர் அழகான படமாகவே தீட்டிவிட்டார்: பினேல் கம்பீரமாக நிற்கிறார், ஒரு பெண்ணின் விலங்கு கழற்றப்படுகிறது.

ஆனால் உண்மை என்ன? பிசேத்ரிலே சங்கிலியை அவிழ்த்தது 1797-இல். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே பினேல் வேறு மருத்துவமனைக்கு மாறிப் போய்விட்டார். அவிழ்த்தவன் ழான் பாப்தீஸ்த் புஸ்ஸேன் என்பவன். மருத்துவனா? அல்லன். தோல் பதனிடும் தொழிலாளி! கண்டமாலை நோயோடு அதே மருத்துவமனைக்கு நோயாளியாக வந்தவன்; குணமானதும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தவன்; மனநோயாளிகள் பகுதிக்குப் பொறுப்பாளனாக உயர்ந்தவன். கூட உழைத்தவள் அவன் மனைவி மார்கரீத். நோயாளியை அடிக்கிற ஊழியனுக்கு அவனிடம் வேலை இல்லை. குணமடைந்த நோயாளிகளையே உதவியாளர்களாக அமர்த்தினான். நோயின் வலி தெரிந்தவன் அடிக்கமாட்டான் அல்லவா?

பினேலின் பெருமை எங்கே இருக்கிறது தெரியுமா? புஸ்ஸேனிடமிருந்து தான் கற்றதை அவர் மறைக்கவில்லை. தம் நூலிலே எழுதினார். தாம் போன சால்பெத்ரியேர் மருத்துவமனைக்கும் அவனைக் கேட்டு வரவழைத்துக்கொண்டார். மருத்துவர் ஒப்புக்கொண்டார், உலகம்தான் தோல் தொழிலாளியை மறந்தது. கட்டடத்திலே கல்வெட்டு யார் பெயரில் இருக்கிறது, கல் சுமந்தவன் பெயர் எங்கே போயிற்று என்பது நமக்குப் புதிய கதையா?

சங்கம் கண்ட சேவகர்கள்

இங்கிலாந்துக்கு வருவோம். அங்கே மனநோய் விடுதி ஊழியர்கள் விடுதிக்குள்ளேயே தங்க வேண்டும்; விடியலிலே தொடங்கினால் இரவுவரை வேலை; வெளியே போகவும் அனுமதி வேண்டும். நோயாளிக்கும் காவலாளிக்கும் ஒரே மதில்தான். 1910-இல் லங்காஷயர் வட்டாரத்திலே அவர்கள் தேசிய மனநோய் விடுதித் தொழிலாளர் சங்கம் கண்டார்கள். 1918-இல் பிரஸ்ட்விச், விட்டிங்காம் விடுதிகளிலே வேலை நிறுத்தம் செய்தார்கள்.

1922-இல் நாட்டிங்காம்ஷயரிலே ராட்கிளிஃப் விடுதி. கூலியைக் குறைத்தார்கள், நேரத்தைக் கூட்டினார்கள். தொழிலாளர் வெளியேறவில்லை, வார்டுக்குள்ளேயே இருந்து கதவை அடைத்துக்கொண்டார்கள். போலீசு உடைத்துக்கொண்டு வந்தபோது தொழிலாளியோடு சேர்ந்து நின்று தடுத்தவர்கள் யார்? நோயாளிகள்! "புத்தி கெட்டவர்கள்" என்று உலகம் ஒதுக்கியவர்களுக்கு, தங்களுக்குச் சோறு ஊட்டிய கை எது என்று தெரிந்திருந்தது. போராட்டம் தோற்றது, பலர் வேலை இழந்தார்கள். ஆனாலும் காவலாளியும் நோயாளியும் எதிரிகள் என்ற பொய், அன்றைக்கு அந்த வார்டிலே உடைந்தது.

அமெரிக்காவிலே இன்னொரு பாடம். இரண்டாம் உலகப் போரிலே, "மனச்சாட்சி இடம் தராது, துப்பாக்கி ஏந்தமாட்டோம்" என்று மறுத்தவர்களிலே சுமார் 3,000 பேரை மனநல மருத்துவமனைகளுக்கு ஊழியர்களாக அனுப்பினார்கள். நூறு நோயாளிக்கும் மேலே ஓர் ஊழியன். அம்மணமாக, அழுக்கிலே, கட்டிப் போடப்பட்ட மனிதர்கள். கண்டதை எழுதி வைத்தார்கள், படம் எடுத்தார்கள். 1946 மே மாதம் 'லைஃப்' பத்திரிகையிலே அது வெளிவந்தது. நாடு தலைகுனிந்தது. உள்ளே நடப்பதை வெளியே சொன்னது அமைச்சர் அல்லர், அதிகாரி அல்லர், வார்டு ஊழியன்.

நம் நாட்டுக் கணக்கு

நம் சென்னையிலே மனநோய் விடுதி வந்தது 1794-இல், கும்பெனி ஆட்சியிலே. தொடங்கியவர் வாலண்டைன் கொனோலி என்ற வெள்ளைக்கார வைத்தியர். கீழ்ப்பாக்கத்துக்கு அது வந்தது 1871-இல். 1922-இல்தான் பைத்தியக்கார விடுதி என்ற பெயர் போய் மருத்துவமனை என்ற பெயர் வந்தது. பெயர் மாறினால் போதுமா? 1946-இல் போர் குழு நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்தபோது, இந்தியா முழுமைக்கும் மனநோயாளிக்கு இருந்த படுக்கை பத்தாயிரத்துச் சொச்சம். அந்த மருத்துவமனைகளிலே பெரும்பாலானவை குணப்படுத்துவதற்கல்ல, அடைத்து வைப்பதற்கே கட்டப்பட்டவை என்று அந்தக் குழுவுக்கு அறிக்கை கொடுத்தவர் எழுதினார்.

சிறைச்சாலை போலக் கட்டினால் வேலைக்காரனும் சிறைக் காவலன் போலத்தானே ஆவான்? லத்தியைக் கையிலே கொடுத்துவிட்டு, "லத்திக்காரன் கொடியவன்" என்று பழிப்பது என்ன நியாயம்?

பிறகு 2001. ஆகஸ்டு 6. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தனியார் நடத்திய ஒரு கீற்றுக் கொட்டகை. தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் ஓட முடியவில்லை, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 உயிர்கள் கருகின. நாடு பதறியது; உச்சநீதிமன்றம் தானே முன்வந்து விசாரித்தது; அத்தகைய விடுதிகள் மூடப்பட்டன.

அந்தச் சங்கிலி எதற்காக? இரவிலே கண் விழித்துக் காவல் இருக்க ஆள் வைத்தால் மாதம் பிறந்தால் சம்பளம் தர வேண்டும். சங்கிலிக்கு ஒரு முறை காசு கொடுத்தால் போதும். சங்கிலி சம்பளம் கேட்காது, விடுப்பு கேட்காது, சங்கம் வைக்காது. ஆள் வைக்க மனமில்லாத இடத்திலே அத்தனை ஆள் வேலையையும் சங்கிலி செய்தது. ஒன்றே ஒன்றை மட்டும் அது செய்யாது. தீப்பிடித்தால் அவிழ்த்துவிடாது.

சட்டம் சொல்வது என்ன?

2017-இல் மனநலப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 2018-இல் நடைமுறைக்கு வந்தது. நல்ல சட்டம் என்றே சொல்லுவோம். எந்த விதத்திலும் எந்த வடிவத்திலும் சங்கிலி கூடாது என்கிறது. நோயாளியைக் கட்டாயமாக மொட்டையடிக்கக் கூடாது. அவர் விரும்பினால் சொந்த உடை உடுத்தலாம். வேலை வாங்கினால் கூலி கொடுக்க வேண்டும் என்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லையென்றால் மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரம் மட்டும் கட்டுப்படுத்தலாம். தண்டனையாகச் செய்யவே கூடாது என்கிறது.

இன்னொரு வரியும் இருக்கிறது. கட்சித் தோழர்கள் அதை மனப்பாடம் செய்ய வேண்டும். சட்டத்தின் 97-ஆவது பிரிவு சொல்கிறது: ஆள் பற்றாக்குறை என்ற காரணத்துக்காக ஒரு நோயாளியைக் கட்டுப்படுத்தக் கூடாது!

எத்தனை பெரிய வரி! அதைத் திருப்பிப் படியுங்கள். ஆள் பற்றாக்குறை இருந்தால் கட்டக் கூடாது என்றால், பற்றாக்குறை இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டியவர் யார்? அரசாங்கமும் நிர்வாகமும் அல்லவா? கயிற்றைப் பிடுங்கிய சட்டம் கையைக் கொடுத்ததா? அங்கேதான் தகராறு. அதே சட்டத்திலே "மனநல வல்லுநர்" யார் யார் என்று வரையறை உண்டு. மருத்துவர் உண்டு, உளவியலாளர் உண்டு, நர்ஸ் உண்டு, சமூகப் பணியாளர் உண்டு. இரவெல்லாம் கட்டிலருகே உட்கார்ந்திருக்கிறாரே, அந்த வார்டு உதவியாளர் இல்லை!

ஒரு கணக்குப் போடுவோம். அறுபது பேர் உள்ள ஒரு வார்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு ஷிப்டுக்கு இரண்டு ஊழியர். "ஒருவரை விட்டுக் கண்ணை எடுக்காதே" என்று உத்தரவு; ஓர் ஊழியர் அங்கே போய்விட்டார். மீதி 59 பேருக்கு ஒருவர். குடியை விட்டவன் ஒரு மூலையிலே கத்துகிறான். வயதானவர் குளியலறையிலே வழுக்கி விழுகிறார். இன்னொருவன் அடுத்த கட்டில்காரனோடு கை கலக்கிறான். அந்த ஒற்றை ஆள் எங்கே ஓடுவார்? மூன்று இடத்துக்கும் ஓட முடியாதவர் கண்ணுக்கு அந்த நேரத்திலே தெரிவது என்ன? கயிறு! சட்டப்படி அது குற்றம். விடிந்ததும் விளக்கம் கேட்பது யாரிடம்? அந்தக் கடைநிலை ஊழியரிடம்! ஆள் போடாதவரிடம் விளக்கம் கேட்பார் இல்லை.

இதிலே ஒப்பந்த முறை வேறு. அரசு மருத்துவமனைகளிலே துப்புரவு, காவல், நோயாளி பராமரிப்பு எல்லாம் கம்பெனிக்குக் குத்தகை. "பல்நோக்குப் பணியாளர்" என்று பெயர். காலையிலே கக்கூசு கழுவியவரையே பிற்பகலில் தள்ளுவண்டி தள்ளச் சொல்வது, இரவிலே மனநல வார்டுக்கு அனுப்புவது. பயிற்சி? கேட்காதீர்கள். இன்றைக்கு இருப்பவர் அடுத்த மாதம் இருப்பாரா என்பதே தெரியாது. மனநோயாளிக்கோ பழகிய முகம்தான் பாதி மருந்து. முகம் மாறிக்கொண்டே இருந்தால் அவன் யாரை நம்புவான்?

அடி வாங்கினால்? அமெரிக்காவிலே அரசாங்கமே வெளியிடுகிற தொழிலாளர் புள்ளிவிவரங்களில், வேலையிலே அதிகக் காயம் படுகிறவர்கள் வரிசையில் மனநல வார்டு உதவியாளர் முன்னணியில் இருக்கிறார். இங்கே அடிபட்ட ஒப்பந்தத் தொழிலாளிக்கு என்ன கிடைக்கிறது? "உனக்கு யார் அவன் பக்கத்திலே போகச் சொன்னது?" என்ற கேள்வி கிடைக்கிறது.

அதே மூச்சிலே இதையும் சொல்லிவிட வேண்டும். மனநோயாளி என்றால் கொலைகாரன் என்று பயப்படுவது அறியாமை. பெரும்பாலோர் ஒருவரையும் தொடாதவர்கள்; பிறரால் அடிபட்டவர்களே அவர்களில் அதிகம். கூட்டம் நெரிகிற வார்டு, வெக்கை, பசி, காத்திருப்பு, எடுத்தெறிந்த பேச்சு இவையெல்லாம் சேர்ந்துதான் ஒருவனைச் சீற வைக்கின்றன.

ஆளும் பயிற்சியும் இருந்தால் என்ன ஆகும்?

"நல்ல வார்த்தையாலே இவர்களைத் திருத்த முடியுமா?" என்று கேட்பவர்களுக்கு, கையிலே கணக்கு இருக்கிறது. இங்கிலாந்திலே லென் பவர்ஸ் என்ற பேராசிரியரும் அவர் குழுவினரும் 15 மருத்துவமனைகளின் 31 வார்டுகளிலே சோதனை நடத்தி, 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் புகுத்திய முறைகள் என்ன? விலை உயர்ந்த எந்திரமா? இல்லை. மறுப்பதையும் மெல்லச் சொல்வது எப்படி. கெட்ட செய்தி வந்த நோயாளியின் பக்கத்திலே போய் இருப்பது எப்படி. ஊழியரும் நோயாளியும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வது எப்படி. கோபம் தணியும் வரை பேசுவது எப்படி. குணமாகிப் போகிறவர் அடுத்து வருகிறவருக்கு நான்கு வரி எழுதி வைத்துப் போவது. இவ்வளவுதான். இந்த முறைகளைக் கைக்கொண்ட வார்டுகளிலே தகராறு 15 விழுக்காடு குறைந்தது. கட்டுவது, அடைப்பது, வலுக்கட்டாயமாக ஊசி போடுவது போன்ற கட்டுப்பாடு 26 விழுக்காடு குறைந்தது.

புஸ்ஸேன் இருநூறு ஆண்டுக்கு முன்னே கையாலே செய்ததைப் பேராசிரியர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். சொல்லும் ஒரு மருந்து. அந்த மருந்தைக் கொடுப்பவருக்குத் தேவை இரண்டு: கற்றுக்கொடுக்க ஒரு ஆசான், பேச நேரம். அறுபது பேருக்கு இருவர் என்றால் நேரம் எங்கிருந்து வரும்?

தேவை எவ்வளவு என்பதும் தெரிந்ததே. 2015-16-இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களிலே நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகச் சொன்னது. அவர்களிலே பெரும்பாலோருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை என்றும் சொன்னது. நூற்றுக்குப் பத்து என்றால், நூறு பேர் வேலை செய்கிற உங்கள் பட்டறையிலே பத்துப் பேர், தோழர்களே! யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டாமா?

கேட்க வேண்டியது என்ன?

கோரிக்கைகள் பெரியவை அல்ல. மனநல வார்டு வேலையைத் தனித் தொழிலாக ஒப்புக்கொள்ளுங்கள். அதற்கென ஒரு பெயரும், ஒரு பயிற்சியும், பயிற்சிக்கேற்ற ஊதியமும் கொடுங்கள். நிரந்தர வேலையாக்குங்கள், குத்தகைக்காரன் கையிலே நோயாளியை ஒப்படைக்காதீர்கள். ஒரு ஷிப்டுக்கு இத்தனை நோயாளிக்கு இத்தனை ஊழியர் என்று கணக்கு வகுத்து, அதை வார்டு வாசலிலேயே எழுதி ஒட்டுங்கள். அடிபட்டவருக்குச் சிகிச்சையும் நஷ்டஈடும், சம்பளத்தோடு ஓய்வும் கொடுங்கள். ஒருவரைக் கட்டுப்படுத்தினால், ஏன் செய்தோம் என்பதோடு, அந்த ஷிப்டிலே எத்தனை ஆள் இருந்தோம் என்பதையும் பதிவேட்டிலே எழுத வைக்க வேண்டும். அந்த ஒரு வரி சேர்ந்தால் போதும், குற்றவாளி யாரென்று பதிவேடே காட்டிக் கொடுத்துவிடும்.

தொழிலாளித் தோழரிடமும் ஒரு வார்த்தை. உன் கூலி குறைவு, உன் வேலை கடினம், உண்மை. அதற்காக நோயாளி மீது கை ஓங்காதே. உன் கூலியைக் குறைத்தவன் அவன் அல்லன். அவன் வீட்டார் கொடுக்கிற பத்து ரூபாய்க்கும் ஐம்பது ரூபாய்க்கும் கை நீட்டாதே. அவர்களும் நம்மைப் போன்ற கூலிக் குடும்பமே. அடித்தவனைச் சங்கம் காப்பாற்றக் கூடாது. ஆள் போடாத நிர்வாகத்தைச் சங்கம் விடக் கூடாது. இரண்டும் சேர்ந்தால்தான் சங்கத்தின் சொல்லுக்கு நாட்டிலே மதிப்பு.

கட்சித் தோழர்களுக்கும் வேலை இருக்கிறது. மேடையிலே கீழ்ப்பாக்கத்தைக் கேலிப் பொருளாக்குவதை இன்றோடு விடுங்கள். மாற்றாரைத் தாக்கக் கொள்கை இருக்கிறது, கணக்கு இருக்கிறது. நோயாளியைக் கல்லாக எடுத்து எறிய வேண்டியதில்லை. உங்கள் பகுதியிலே யாராவது தூக்கமின்றி, பேச்சின்றி, தனக்குத்தானே பேசிக்கொண்டு திரிந்தால், மந்திரிக்க அழைத்துப் போகிறவர்களை நிறுத்தி, மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். குணமாகி வந்தவனுக்குப் பட்டறையிலே பழைய வேலையைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள். குணமான பிறகும் அழைத்துப் போக ஆளில்லாமல் ஆண்டுக்கணக்கிலே வார்டிலே கிடப்பவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு அண்ணன் தம்பியாக இருப்பது அந்த ஆயாவும் வார்டு பாயும்தான். பொங்கலுக்குப் புதுத் துணி உடுத்திவிடுவதும் அவர்களே.

அடுத்த முறை உங்கள் மாவட்ட மருத்துவமனைக்குப் போனால், மனநல வார்டு எங்கே என்று கேட்டு உள்ளே போய்ப் பாருங்கள். "இரவிலே எத்தனை பேருக்கு எத்தனை ஆள், அண்ணே?" என்று அங்குள்ள ஊழியரைக் கேளுங்கள். அவர் சொல்லுகிற எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து, தேதியோடு, 97-ஆவது பிரிவையும் சேர்த்து, மருத்துவமனைத் தலைவருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் மனு எழுதுங்கள். பதில் வராவிட்டால் மறுபடி எழுதுங்கள். ஏர்வாடியிலே 28 பேர் வெந்து மடிந்த பிறகே நாடு சங்கிலியைப் பற்றிப் பேசியது. ஆள் பற்றாக்குறையைப் பற்றிப் பேச இன்னொரு தீக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.